எஞ்சினை விடுங்கள், படகு யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: படகு இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் வேக்போர்டிங் ஆசையில் நண்பர்கள் சேர்ந்து ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினோம். 18 அடி, 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். எங்கள் முதல் படகு. "தம்பி, எஞ்சினுக்கு நான் கேரண்டி" என்றார் தரகர். 4 லட்சம் கொடுத்து, நோட்டரியிடம் அவரோடு ஒப்பந்தம் போட்டோம். மூன்றாம் நாளே கியர்பாக்ஸ் போய்விட்டது. சொந்த அண்ணன் போலப் பழகியவர் இப்போது போனை எடுப்பதே இல்லை. நண்பர்கள் என்னைத்தான் ஏசுகிறார்கள், தூக்கமே போய்விட்டது. மோசடி வழக்கில் அவரை உள்ளே தள்ள முடியுமா? படகின் பதிவு இன்னும் ஒரு மீனவர் பேரில்தான் இருக்கிறது, பிறகு மாற்றித் தருவதாகத் தரகர் சொல்லியிருந்தார்.
– மதுரை வாசகர்

பதில்: போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் உங்கள் வழக்கு.

எஞ்சினை முதலில் முடித்துவிடுவோம். பழைய பொருளைப் பார்த்து, ஓட்டி வாங்கியவர் பிறகு தரம் சரியில்லை என்றால், 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம் அவ்வளவாகக் கைகொடுக்காது. வாய்வார்த்தை கேரண்டியை நிரூபிப்பதும் லேசில்லை. போலீசுக்குப் போனால் "சிவில் விவகாரம்" என்று மனு ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். அண்ணன் போலப் பழகியதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஒப்பந்தத்தில் அந்த மீனவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? இல்லையென்றால், விற்க அதிகாரம் கொடுத்து அவர் தரகருக்கு எழுதிய காகிதம் எதுவும் இருக்கிறதா? அதுவும் இல்லையென்றால் உரிமையே இல்லாதவரிடம் வாங்கியிருக்கிறீர்கள். இது உங்களுக்குச் சாதகம். விற்கும் உரிமை தனக்கு உண்டு என்பது விற்பவர் வாயால் சொல்லாவிட்டாலும் விற்பனையில் அடங்கிய நிபந்தனை என்கிறது அதே சட்டத்தின் 14-வது பிரிவு. அந்த அடிப்படையில் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். தரகருக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் இதை எழுதுங்கள், கியர்பாக்ஸுக்கு ஒரு வரி போதும்.

ஆனால் எனக்குப் பயம் வேறு இடத்தில். எஞ்சினைச் சரிசெய்துவிட்டு, "பேர் மெதுவாக மாறட்டும்" என்று கடலில் இறங்கிவிடுவீர்கள். என்னிடம் வந்தவர்கள் மாட்டியது அங்கேதான்.

பலகையில் நிற்க அலையில்லாத தண்ணீர் வேண்டும், அதைத் தேடி பாம்பன் பக்கத்துக் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுப் பக்கம் போகத் தோன்றும். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா அது, 21 தீவுகளும் அதற்குள் வரும். அனுமதியில்லாமல் நுழைந்தால் வனத்துறை படகைப் பிடிக்கும். குற்றம் நிரூபணமாகும் முன்பே அது அரசுடைமை ஆகிவிடாது, நீதிமன்றம் இடைக்காலமாக விடுவிக்கலாம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். யாரிடம் விடுவிக்கும்? முதலில் பதிவில் யார் பேர் என்றுதான் மாஜிஸ்திரேட் கேட்பார். நீங்கள் நோட்டரி காகிதத்தை நீட்டுவீர்கள். சம்மன் போன பயத்தில் அந்த மீனவர், "படகு எனக்குத் தெரியாது" என்பார், அல்லது "படகு என்னுடையது, நான் விற்கவே இல்லை" என்பார். இரண்டையும் பார்த்திருக்கிறேன். அதற்குள் படகு வெயிலில் கிடந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

இதைவிட மோசமானது வாடகை. வாரம் முழுக்கப் படகு சும்மா கிடக்கிறதே என்று உள்ளூரில் ஒருவரிடம் சாவி கொடுப்பீர்கள். இந்தக் கரையில் நாட்டுப்படகுகளில் சின்ன எஞ்சின்தான் ஓடும். 60 குதிரைத்திறன் என்றால் மரைன் போலீஸ், போலீசின் உளவுப் பிரிவான கியூ பிரிவு எல்லாருடைய கண்ணும் அதன்மேல்தான் இருக்கும், கடத்தல்காரர்களின் கண்ணும்தான். ஒரு ராத்திரி இலங்கைக்குக் கடத்த அதில் பீடி இலையோ மஞ்சளோ ஏறினால் சுங்கச் சட்டத்தின் 115-வது பிரிவு வரும். எனக்குத் தெரியாது என்று நீங்கள் நிரூபித்தால் மட்டும் போதாது. படகை ஓட்டியவருக்கும் தெரியாது என்று நீங்களே நிரூபிக்க வேண்டும். ஓட்டியவரே கடத்தியிருந்தால் எங்கே போய் நிரூபிப்பது? பாதுகாக்கப்பட்ட உயிரினமான கடல் அட்டை ஏறினால் அது வன உயிரின வழக்கு, ஜாமீனுக்கே அலைய வேண்டியிருக்கும்.

மீன்பிடிப் படகாகப் பதிவானது, மீனவர் அல்லாத உங்கள் பேருக்கு அப்படியே மாறிவிடும் என்றும் எண்ணாதீர்கள். எஞ்சின் மானியத்தில் வந்ததா என்பதையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மானிய எஞ்சின் என்றால் விற்பதற்கு நிபந்தனை இருக்கும், அது தரகருக்கும் மீனவருக்கும் தலைவலி.

அந்தத் தலைவலிதான் உங்கள் பேச்சுவார்த்தைக்குப் பலம். ராசியாகப் போங்கள். படகைத் திருப்பிக் கொடுங்கள், மூன்றரை லட்சம் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி ஐம்பதாயிரத்துக்காக ராமநாதபுரம் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக அலைந்தால் பஸ் செலவும் என் ஃபீஸும் அதைத் தாண்டிவிடும். பணம் ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக வரட்டும். படகை ஒப்படைக்கும் காகிதத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதி, தரகரோடு அந்த மீனவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகு படகு எங்கே பிடிபட்டாலும் உங்களைத் தேடி வரக்கூடாது. அதுவரை படகு கரையிலேயே இருக்கட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும்.