மூட்டுவாதப் பிள்ளைகளும் சொத்தைப் பல்லும்: கேள்வி பதில்

தருமபுரியில் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிறேன். கை கால் மூட்டு வீங்கும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை இவை.

பாலக்கோடு: எட்டு வயது மகளுக்கு இரண்டு வருடமாக மூட்டுவாதம். நான்கு பல் சொத்தை. எச்சில் கெட்டதாலா டாக்டர்?

எச்சிலுக்கும் பங்கு உண்டும்மா. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 5.5-க்குக் கீழே போனால், பல்லின் மேல் உறையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் பைகார்பனேட் அந்தப் புளிப்பை முறிக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தைப் பூசி அடைக்கும். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு எச்சில் குறைவாக ஊறுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வும் அல்ல. அதனால் முழுப் பழியையும் நான் எச்சில் மேல் போட மாட்டேன். முதலில் கையைப் பாருங்கள். விரல் மூட்டு வலித்தால் பிரஷ் பிடிக்க முடியுமா? அப்புறம் தாடை மூட்டு. அதிலும் இந்த நோய் வரும், பல நேரம் வலியே இல்லாமல். வாய் சரியாகத் திறக்காவிட்டால் கடைவாய்ப் பல்லுக்குப் பிரஷ் போகாது. சின்னத் தலை பிரஷ் வாங்கி, காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். காலையில் விரல் விறைப்பாக இருந்தால், அது தளர்ந்த பிறகு தேய்க்கட்டும்.

காவேரிப்பட்டணம்: ராத்திரி சிரப் கொடுத்துத்தான் தூங்க வைக்கிறேன். தப்பா?

மருந்து தப்பில்லை, அதிலுள்ள சர்க்கரைதான் வில்லங்கம். தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவாகத்தான் ஊறும். இனிப்பு விடிய விடியப் பல்லிலேயே நிற்கும். சிரப் குடித்த பிறகு பல் தேய்த்துவிட்டுப் படுக்கட்டும். ஜூஸிலும் சர்க்கரைதான். ஆனால் மாங்கூழ் செய்யும் ஊர்க்காரரான உங்களிடம் ஜூஸே வேண்டாம் என்று சொல்ல எனக்கே தயக்கம். சாப்பாட்டோடு குடிக்கட்டும், நாள் முழுக்க உறிஞ்ச வேண்டாம்.

பென்னாகரம்: எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். மூட்டு வலி அதனாலா? ஃப்ளோரைடு பேஸ்ட் கொடுக்கலாமா?

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே பிடியுங்கள். ஃப்ளோரைடு மிகுந்து பல்லில் வரும் பழுப்புக் கறை வேறு, சொத்தை வேறு. ஃப்ளோரைடு பேஸ்ட் கொடுக்கலாம், துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பட்டாணி அளவு போதும். ஃப்ளோரைடு மிகுந்தால் எலும்பும் மூட்டும் வலிக்கும்தான். ஆனால் மூட்டு வீங்கி ஆறு வாரம் ஆகியும் வற்றவில்லை என்றால், தண்ணீர் மேல் பழி போட்டுக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஊத்தங்கரை: மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மருந்து கொடுக்கிறோம். வாய்ப்புண் வருகிறது, நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் சேர்த்தால் பெரும்பாலும் குறையும். புண்ணோடு காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போங்கள். பல் பிடுங்க வரும்போது மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும்.

ஓசூர்: பேட்டரி பிரஷ் வாங்கலாமா?

வாங்கலாம். காம்பு தடிமனாக இருப்பதே பாதி உதவி.