8,000 பேருக்காக 400 பேர் பேசலாமா?

கேள்வி: கீழ்பவானி வாய்க்கால் பாசன விவசாயிகள் 8,000 பேர் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். தண்ணீர் பத்துகிறதா என்று 400 பேரிடம் கேட்கப் போகிறோம். "இருவது பேருக்கு ஒருத்தரைக் கேட்டா எல்லாத்தோட நெலமையும் தெரிஞ்சுருமாங்க?" என்கிறார் ஒரு பெரியவர். அவருக்கு என்ன பதில் சொல்வது? - சென்னிமலை வாசகர்

பதில்: 400 பேர் தாராளமாகப் போதும். குலுக்கலில் எடுத்த 400 பேரில் 60 சதவீதம் "பத்தல" என்றால், 8,000 பேரையும் கேட்டாலும் விடை 55-க்கும் 65-க்கும் நடுவில்தான் இருக்கும். இந்தக் கணக்கு 100-க்கு 95 தடவை பொய்க்காது. இதே துல்லியத்துக்கு, 2011 கணக்கெடுப்பில் 22.5 லட்சம் பேர் இருந்த ஈரோடு மாவட்டம் முழுவதற்குமே 385 பேர் போதும். உங்கள் பட்டியலில் இந்தப் பிழையை, அதாவது முன்பின் 5 சதவீதத்தை, பாதியாக்க நினைத்தால்தான் சுமார் 1,400 பேரிடம் போக வேண்டிவரும்.

எனக்குக் கவலை யாரைக் கேட்கிறீர்கள் என்பதில்தான். மஞ்சள் வாங்குகிறவர் மூட்டையின் வாயில் இருப்பதை மட்டும் பார்த்து விலை சொல்வாரா? அடியிலும் கைவிட்டு விரலி மஞ்சளை எடுத்து, ஒடித்து உள்நிறம் பார்ப்பார். கூட்டத்துக்கு வந்தவர்களையும் ரோட்டோரத் தோட்டக்காரர்களையும் மட்டும் கேட்டால் அது மூட்டையின் வாய். சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்காலில் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர் சொல்வதும் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் சொல்வதும் ஒன்றாக இருக்காது. 1936-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்துக்கொண்டே அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் அமோகமாக ஜெயித்தார். போன், கார் வைத்திருந்தவர்களின் முகவரிகளுக்கே பெரும்பாலும் கருத்துக் கேட்கும் சீட்டு போயிருந்தது. அதை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களும் அவர்களில் ஒரு பங்குதான்.

சரி, எப்படி எடுப்பது? பட்டியலை மதகு வாரியாக, தலைமடையிலிருந்து கடைமடை வரை வரிசைப்படுத்துங்கள். 1 முதல் 20 வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். 7 வந்தால் 7, 27, 47 என்று இருபது இருபதாகத் தாண்டிப் போங்கள். வாய்க்கால் நெடுக ஆள் அதுவாகவே பரவிவிடும்.

27-ஆவது ஆள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சாயங்காலம் மறுபடி போங்கள், இல்லாவிட்டால் போன் போடுங்கள். அப்புறம், கடைமடையை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல நினைத்தால் ஜாக்கிரதை. 400-இல் அவர்கள் 60 பேர்தான் என்றால் பிழை 13 சதவீதம் வரை போகும். அவர்களுக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் பேரைக் குலுக்கி எடுத்து, அந்தக் கணக்கைத் தனியாக வையுங்கள்.