மனைப்பிரிவுச் சாலையைச் செப்பனிடும் செலவு யாருடையது? – கேள்வி பதில்

உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்படாத மனைப்பிரிவுச் சாலைகளைச் சீர்செய்யும் செலவு குறித்து குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் பிறரும் எழுப்பிய கேள்விகளுக்கு, நகராட்சிப் பொறியியல் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

சங்கச் செயலாளர், கோவைப் புறநகர்: எங்கள் மனைப்பிரிவு 1990களில் போடப்பட்டது. சொத்து வரியை நிலுவையின்றிச் செலுத்துகிறோம். தெருவோ குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. அலுவலகத்தில் கேட்டால், “அது தனியார் சாலை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். இது சரியா?

பதில்: அது சரியா தவறா என்பதை உங்கள் வரி ரசீது தீர்மானிக்காது, சாலை யார் பெயரில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும்போது, வரைபடத்தில் காட்டப்பட்டுள்ள சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். பல இடங்களில் மனைகள் விற்றுத் தீர்ந்தபின் மனை போட்டவர் பத்திரம் எழுதாமலேயே போய்விடுகிறார். சில இடங்களில் பத்திரம் முறையாகப் பதிவாகியிருந்தும், அலுவலகத்துச் சாலைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். இரண்டாவது வகையில் “தனியார் சாலை” என்று சொல்ல அலுவலகத்துக்கு எந்த உரிமையும் கிடையாது; எழுத்தர் ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும் விஷயம் அது.

ஆகவே, போராட்டம், மனு, சுவரொட்டி எல்லாவற்றுக்கும் முன்பாகச் சாலை இருக்கும் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுத்து, அதில் உள்ளாட்சியின் பெயரில் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் அந்தப் பரப்பு எப்படி வகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அளித்து, சாலைப் பதிவேட்டில் உங்கள் தெரு பதிவான பக்கத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். இந்த மூன்று தாள்களும் கையில் இல்லாமல் ஆணையரைச் சந்திக்கப் போகாதீர்கள். தானப் பத்திரம் இல்லாத சாலையில் நீங்கள் கொட்டும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் நிலத்தில் கொட்டும் ரூபாய் என்பதை நினைவில் வையுங்கள். இதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனை வாங்கியவர், திருவள்ளூர் மாவட்டம்: மனை போட்டவர் காலமாகிவிட்டார். தானப் பத்திரம் எழுதக் கேட்டால், வாரிசுகள் “சாலை எங்கள் பட்டாவில் இருக்கிறது, விலை கொடுங்கள்” என்கிறார்கள். மூத்த மகன் சாலையின் கோடியை யாருக்கோ விற்கப்போவதாகவும் பேச்சு.

பதில்: விலை கொடுக்காதீர்கள். வரைபடத்தில் சாலை என்று காட்டி, அந்த வரைபடத்தை நம்பி மனை வாங்கியவர்களுக்கு அந்தச் சாலையைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. அப்படிக் காட்டப்பட்ட சாலையை மீண்டும் மனையாக்கி விற்க, மனை போட்டவருக்கே உரிமை இல்லாதபோது வாரிசுகளுக்கு எங்கிருந்து வரும்? பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே. உங்கள் விற்பனைப் பத்திரங்களில் நான்கெல்லை எழுதியிருக்கும் பத்தியைப் பாருங்கள். “கிழக்கே 20 அடி பொதுச் சாலை” என்பது போன்ற வரி இருந்தால், அதுவே உங்கள் முதல் ஆவணம். எல்லா மனைக்காரர்களிடமும் அந்தப் பக்கத்தின் நகலைப் பெற்று ஒன்றாகக் கட்டி வையுங்கள்.

அடுத்து, பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலிருந்தே நம் உள்ளாட்சிச் சட்டங்களில் “தனியார் தெரு” என்ற வகை உண்டு. தெருவைச் சமன்படுத்தி, தளமிட்டு, வடிகாலும் விளக்கும் அமைத்துவிட்டால் அதைப் பொதுத் தெருவாக அறிவிக்குமாறு அதை ஒட்டிய நில உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் கோரலாம் என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால், அதன்கீழ் எந்த வடிவில் கோரிக்கை வைப்பது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுங்கள். வாரிசுகளில் ஒருவராவது ஒத்துக்கொண்டால் அவர் பங்குக்குரிய பத்திரத்தை உடனே பதிவுசெய்யுங்கள். மற்றவர்களுக்காகக் காத்திருந்தால் அவரும் மனம் மாறிவிடுவார். விற்பனைப் பேச்சு உண்மையென்றால், சார்பதிவாளருக்கும் உள்ளாட்சிக்கும் எழுத்துப்பூர்வமான ஆட்சேபணையை இந்த வாரமே அனுப்புங்கள்.

வாடகைதாரர், மதுரை: வரி வாங்குகிறார்களே, சாலை ஏன் போடுவதில்லை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

மாமன்ற உறுப்பினர் ஒருவர்: பொதுமக்கள் எங்களைத் திட்டுகிறார்கள். தனியார் நிலத்தில் பொது நிதியைச் செலவிட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வது அதிகாரிகள்தான். இதையும் சொல்லுங்கள்.

பதில்: சொல்கிறேன், அது உண்மை. உள்ளாட்சி நிதித் தணிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வியே “இந்தச் சொத்து உள்ளாட்சியுடையதா?” என்பதுதான். மதிப்பீட்டில் கையெழுத்திட்ட பொறியாளரிடமிருந்து தொகையை வசூலிக்கச் சொல்லித் தணிக்கைக் குறிப்பு எழுதினால், அந்தக் குறிப்பு நீங்கும்வரை அவருடைய ஓய்வூதியப் பலன்கள்கூடச் சிக்கலாகும். அந்த அச்சத்தைக் குடியிருப்போர் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் உறுப்பினரே, கேள்வியின் மறுபாதி உங்களுக்கானது. அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும்போது மனைக்காரர்களிடம் வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறீர்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்காக 2017இல் வந்த விதிகளின்கீழ் ஆயிரக்கணக்கானோர் அப்படிச் செலுத்தியிருக்கிறார்கள். சொத்து வரி என்பது பொதுவான வரி, அதற்கு நேர்ப்பலன் கேட்க முடியாது என்ற வாதத்தை ஏற்கிறேன். வளர்ச்சிக் கட்டணம் அப்படிப்பட்டதல்லவே? அது அடிப்படை வசதிக்கென்று பெயர் சொல்லி வாங்கிய பணம். அந்த மனைப்பிரிவிலிருந்து எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை மன்றக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்புங்கள். தணிக்கைக்கு அஞ்சுபவர்கள் அந்தக் கணக்குக்கும் அஞ்ச வேண்டும்.

தனி வீடுகள் கொண்ட குடியிருப்பின் பொருளாளர், சென்னைப் புறநகர்: எங்கள் வளாகத்துக்கு நுழைவு கேட்டும் காவலரும் உண்டு. உட்சாலையை உள்ளாட்சி போட்டுத்தர வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம்.

பதில்: கேட்டைக் கழற்றிவிட்டுத் தீர்மானத்தை அனுப்புங்கள். ஊரார் நுழைய முடியாத சாலைக்கு ஊர்ப் பணம் கிடையாது. ஊர்ப் பணத்தில் போட்ட சாலைக்குக் கேட் கிடையாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு வாருங்கள்.

புதிதாக மனை வாங்கியவர், திருச்சி: நிறுவனம் போட்ட தார்ச்சாலை இரண்டே மழையில் பெயர்ந்துவிட்டது. சங்கத்தில் பணம் வசூலிக்கிறார்கள்.

பதில்: வசூலை நிறுத்துங்கள். உங்கள் மனைப்பிரிவு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால், உடைமையை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைத்தரக் குறைபாட்டை 30 நாள்களுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்வது மனை போட்டவரின் பொறுப்பு. பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பெயர்ந்த இடத்தில் அளவு நாடாவை வைத்துத் தளத்தின் கனம் தெரியுமாறு படமெடுங்கள். சங்கம் தானே சரிசெய்துவிட்டால், குறைபாட்டுக்கான சான்றை உங்கள் கையாலேயே மூடிவிட்டதாக ஆகிவிடும்.

முனை மனைக்காரர், சேலம்: எங்கள் தெரு உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. மக்களும் அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும். என் வாசல் பிரதான சாலையில் இருக்கிறது. இந்தத் தெருவை ஒட்டி இருப்பது என் பக்கவாட்டுச் சுவர், 48 அடி. சங்கம் அந்த 48 அடிக்கும் பணம் கேட்கிறது. மற்றவர்களுக்கு 25 அடிதான். இது என்ன நியாயம்?

பதில்: ஒப்படைத்துவிட்டுச் செலவைப் பேசுகிறீர்கள்; அதற்கே முதல் பாராட்டு. பழைய சட்டத்தில், உரிமையாளர்கள் செய்யத் தவறிய தனியார் தெரு வேலையை உள்ளாட்சியே செய்து செலவை வசூலிக்கும்போது முகப்பளவை (மனை தெருவை ஒட்டி இருக்கும் நீளத்தை) கணக்கில் கொள்ளும் முறை இருந்தது; சங்கம் அதைத்தான் பின்பற்றுகிறது போலும். ஆனால் முனை மனைக்கு அதை அப்படியே பொருத்துவது கடுமையானது. பக்கவாட்டு அளவில் பாதியை மட்டும் கணக்கிடலாம் என்பது என் கருத்து.

அதே தெருவின் கடைசி வீட்டுக்காரர்: அவர் மழைநீரும் கார் நிறுத்தமும் எங்கள் தெருவில்தான். அவருக்குத் தள்ளுபடி கொடுத்தால் சுமை எங்கள் தலையில்தானே விழும்?

பதில்: விழும். எவ்வளவு விழும் என்று பாருங்கள். மதிப்பீடு 9 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பங்கு 3 லட்சம். இருபுறமும் சேர்த்து முகப்பு 600 அடி என்றால் அடிக்கு 500 ரூபாய். 25 அடிக்காரர் 12,500 ரூபாயும் முனை மனைக்காரர் 24,000 ரூபாயும் தர வேண்டும். அவருடைய 48 அடியை 24 அடியாகக் கொண்டால் மொத்தம் 576 அடி. அவர் பங்கு 12,500 ஆகிறது, உங்கள் பங்கு ஏறத்தாழ 13,020 ஆகிறது. நீங்கள் சண்டையிடுவது 520 ரூபாய்க்காக. இந்தச் சண்டையில் ஒரு மழைக்காலம் கழிந்தால் மதிப்பீடே உயர்ந்துவிடும்.

முனை மனைக்காரர்: பணம் பெரிதல்ல, கொள்கைதான் பெரிது. வாசலே இல்லாத தெருவுக்கு நான் ஏன் தர வேண்டும்?

பதில்: நாளை மாடி கட்டி வாடகைக்கு விடும்போது இந்தத் தெருவில் வாசல் வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பீர்களா? கொடுக்க மாட்டீர்கள். அந்த வாய்ப்புக்கான விலைதான் அந்தப் பாதி.

காலிமனைக்காரர், தற்போது சிங்கப்பூரில்: நான் வீடே கட்டவில்லை, சாலையைப் பயன்படுத்துவதும் இல்லை. என்னை விட்டுவிடலாமே?

பதில்: சாலை வந்தால், கைக்காசு போடாமலேயே விலை ஏறுவது உங்கள் மனைக்குத்தான். நீங்கள் வீடு கட்டும்போது செங்கல் லாரியும் ஜல்லி லாரியும் போவது மற்றவர்கள் பணத்தில் போட்ட தளத்தின் மீது. முழுப் பங்கையும் தாருங்கள். அதே வேளையில் சங்கத்தாருக்கும் ஒன்று: உறுப்பினரல்லாதவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் பதிவுபெற்ற சங்கத்துக்கும் கிடையாது. தராதவர் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வராமல் தடுப்பது, வாசலுக்கு முன் மட்டும் தளமிடாமல் விடுவது போன்றவற்றில் இறங்காதீர்கள். அது உள்ளாட்சியின் சாலை. உங்கள் சங்கத்தின் சாலையல்ல.

கடைசி வீட்டுக்காரர்: அப்படியானால் தராதவர்தான் புத்திசாலி.

பதில்: சில தெருக்களில் அப்படித்தான் முடிகிறது. பங்கு தந்தவர்களின் பெயர்ப் பட்டியலைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதுவரை உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கே பலர் இறங்கி வருவார்கள். சேலத்தாருக்கு இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்: 2022இல் சொத்து வரியை உயர்த்தினார்களே, அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது? எங்கள் தெருவுக்குச் சாலை போட்டால் என்ன?

பதில்: ஐயா, இதே கேள்வி இதுவரை வெவ்வேறு சொற்களில் பலமுறை வந்துவிட்டது. தெரு யார் பெயரில் இருக்கிறது? அதைச் சொல்லாமல் கேட்பவர்களுக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை.

சங்கத் தலைவர், திருநெல்வேலி: பேவர் பிளாக்கா, கான்கிரீட்டா? எது மலிவு?

பதில்: எது மலிவு என்பதைவிட, எதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பாதாளச் சாக்கடையோ குடிநீர்க் குழாயோ இனிமேல்தான் வரவேண்டுமென்றால் கான்கிரீட் போடாதீர்கள். ஆறு மாதத்தில் நடுவே அறுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் பேவர் பிளாக் பொருத்தம். கல்லை எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்கலாம். இந்தியத் தர நிர்ணயம் 15658இன்படி, இலேசான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் கனமும் எம்35 என்ற கான்கிரீட் வலிமைத் தரமும், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டரும் எம்40 வலிமையும் தேவை. தண்ணீர் லாரி வரும் தெருவில் 60 போதவே போதாது.

கான்கிரீட் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். 6 மீட்டர் அகலம், 90 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 81 கன மீட்டர். லாரிக்கு 6 கன மீட்டர் வீதம் 14 நடை வர வேண்டும். சங்கத்தில் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நடைகளை எண்ணட்டும்; ரசீதுகளை வாங்கி வைக்கட்டும். கலவை கெட்டியாக இருக்கிறதென்று லாரியிலேயே குழாயைத் திறந்து தண்ணீர் கலப்பார்கள். அதைத் தடுக்கவும் அவரே போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு 6 சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். 4 மீட்டருக்கு ஓர் இணைப்பு வெட்டை (விரிசல் தாறுமாறாகப் பரவாமலிருக்கக் குறுக்கே இடும் வெட்டு), தளம் இறுகியதும் ஒரு நாளுக்குள் வெட்ட வேண்டும். பாத்தி கட்டி 14 நாள்கள் தண்ணீர் நிறுத்த வேண்டும். மூன்றாம் நாளே கார் ஏற்றுகிறவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். அவர் வாசலிலேயே கயிற்றைக் கட்டுங்கள்.

இல்லத்தரசி, தாம்பரம்: பழைய சாலைமேலேயே புதிய தளம் போடப்போவதாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு வாசல் ஏற்கெனவே பள்ளம்.

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். மதிப்பீட்டில் சுரண்டும் பணிக்குத் தனி இனம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒப்பந்ததாரர் இலவசமாகச் செய்ய மாட்டார்.

விவசாயி, ஈரோடு மாவட்டம்: எங்களது கிராம ஊராட்சி. ஆணையரும் இல்லை, மன்றமும் இல்லை. யாரிடம் கேட்பது?

பதில்: கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. தானப் பத்திரத்தை ஏற்றுக்கொள்வதாக முதலில் தீர்மானம், பிறகு சாலைக்குத் தீர்மானம். வரிசை மாறக் கூடாது. தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை கூட்டத்திலிருந்து எழுந்து போகாதீர்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: பக்கத்து வீட்டுக்காரர் சாலையில் மூன்றடி நீட்டிச் சரிவு கட்டியிருக்கிறார்.

பதில்: நகரமைப்புப் பிரிவில் மனு கொடுங்கள். என் துறையல்ல.

சங்கச் செயலாளர், கோவைப் புறநகர்: முதல் கேள்வி கேட்டவன் நான்தான். வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துவிட்டோம். 1996இல் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. ஆனால் வரைபடத்தில் உள்ள ஐந்து தெருக்களில் மூன்று மட்டுமே அதில் இருக்கின்றன.

பதில்: அந்த மூன்றுக்கும் பத்திர நகலை இணைத்து, சாலைப் பதிவேட்டில் ஏற்றுமாறு நாளையே கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஐந்தையும் ஒரே மனுவில் சேர்க்காதீர்கள். விடுபட்ட இரண்டைக் காட்டி மூன்றையும் கிடப்பில் போட்டுவிடுவார்கள். இரண்டு தெருக்காரர்களும் திருவள்ளூர்காரருக்குச் சொன்ன வழியில் தனியாகத் தொடங்கட்டும்.