பட்டறைப் பதில்கள்: நாலாவது சூட்டில் கிழியும் கூடு

கேள்வி: ஐயா, என்னுடையது .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், பேரலை ஒரு நட் போட்டு இறுக்கும் ரகம். நானே நிரப்பும் தோட்டாக்களின் பித்தளைக் கூடு நாலாவது முறை சுடும்போது அடிப்பக்கம் வட்டமாகக் கிழிகிறது. நோ-கோ கேஜ் போட்டாலும் போல்ட் மூடுகிறது, ஃபீல்ட் கேஜில் மூடவில்லை. சுட்ட கூட்டைவிட, அதை மறுபடி அளவுக்கு அமுக்கும் டையிலிருந்து வருவது 8 தவ் குட்டை. பேரலைக் கொஞ்சம் உள்ளே திருகிவிடலாமா?

பதில்: நோயை நீங்களே எழுதிவிட்டு, மருந்தை வேறு இடத்தில் தடவப் பார்க்கிறீர்கள். அந்த 8 தவ்தான் நோய். (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.)

முதலில் துப்பாக்கி. தோட்டா உட்காரும் குழிதான் சேம்பர், அதைப் பின்னாலிருந்து அடைப்பது போல்ட். சேம்பரின் நீளம் பார்க்கும் அச்சுதான் கேஜ்: கோ-வில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது, ஃபீல்ட் கடைசி எல்லை. .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638. போல்ட் முகத்திலிருந்து, தோள் சரிவில் (கூடு கழுத்தை நோக்கி ஒடுங்கும் இடம்) 0.400 அங்குல விட்டம் வரும் இடம் வரை உள்ள தூரம் அது. உங்கள் சேம்பர் 1.634-ஐத் தாண்டிவிட்டது, 1.638-ஐத் தொடவில்லை. புதுப் பேரல் இப்படி வந்தால் நான் திருப்பி அனுப்புவேன். உழைத்த துப்பாக்கி என்றால் சுடலாம், அவ்வப்போது கேஜ் போட்டுப் பாருங்கள். ஃபீல்ட் கேஜிலும் மூடியிருந்தால் பேச்சே கிடையாது. அதை டையால் சரிக்கட்ட முடியாது, துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் போக வேண்டியதுதான்.

இனி கூடு. ஊசி தட்டியதும் கூடு முன்னால் போய்த் தோளில் முட்டுகிறது. அழுத்தம் ஏற, மெல்லிய முன்பக்கச் சுவர் சேம்பரைக் கவ்விக்கொள்கிறது. கெட்டியான அடிப்பாகம் கவ்வாது, பின்னால் போல்ட் வரை ஓடுகிறது. நடுவில் இருக்கும் பித்தளை இழுபடுகிறது. அடுத்த முறை நீங்கள் டையால் தோளை மறுபடி 8 தவ் பின்னால் தள்ளுகிறீர்கள், அது மறுபடி இழுபடுகிறது. ஒரே இடத்தில் நாலு முறை! கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடியாதா? கிழிவதற்கு முன் வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். உள்ளே, நுனி வளைத்த மெல்லிய கம்பியால் சுரண்டிப் பாருங்கள், பள்ளத்தில் தட்டும். தட்டுகிற கூட்டைத் தயங்காமல் நசுக்கிப் போடுங்கள்.

பேரலை 4 தவ் உள்ளே கொண்டுவந்தாலும் மிச்சம் 4 தவ் இடைவெளி இருக்கும், டை பழையபடியே தள்ளிக்கொண்டிருக்கும். போல்ட் துப்பாக்கிக்குத் தோள் 1 முதல் 2 தவ் பின்னால் போனால் போதும். டையோடு வரும் தாள், கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொட்டபின் இன்னும் கால் சுற்று இறக்கச் சொல்லும். எந்தச் சேம்பருக்கும் பொருந்த வேண்டுமென்று எழுதிய யோசனை அது. உங்கள் சேம்பர் ஒன்றே ஒன்று.

டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 71 தவ். அதைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கோடு ஒன்று நகர்ந்தால் 6 தவ், நிமிடக்கோடு ஒன்றுக்கு 1 தவ்வுக்குச் சற்று மேல். டையை அரைச் சுற்று மேலே ஏற்றிவிட்டு, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வாருங்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. டை முதலில் கூட்டின் உடம்பை அமுக்கும்போது தோள் பின்னால் போகாது, முன்னால் பிதுங்கும். கூடு சுட்டதைவிட நீளமாகி, போல்ட் இறுகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். இன்னும் இறக்கினால் தோள் திரும்பும்.

போல்ட்டிலிருந்து ஊசியையும், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஸ்பிரிங் இருந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது. கைப்பிடி தன் எடையில் இறங்கி, கடைசியில் லேசாக உரச வேண்டும். உரசலே இல்லையென்றால் அதிகம் தள்ளிவிட்டீர்கள். அதோடு, ஒரே ஒரு முறை சுட்ட கூட்டை வைத்து அளவெடுக்காதீர்கள். சேம்பரை நிறைக்க அதற்கு இரண்டு மூன்று சூடு பிடிக்கும்.

அளக்கும் முன் பழைய பிரைமரை (கூட்டின் அடியில் ஊசி தட்டும் தீமூட்டி) தட்டி எடுத்துவிடுங்கள். தொழில் பழகிய காலத்தில் நான் எடுக்காமல் அளந்தேன். பிதுங்கி நின்ற பிரைமரும் நீளத்தில் சேர்ந்துகொண்டது. அந்தப் பொய் அளவுக்கு டையை வைத்து நூறு தோட்டா நிரப்பினேன். உள்ளங்கையால் அடித்தால்தான் போல்ட் மூடும். ஆசான் ஒன்றும் சொல்லவில்லை, குண்டு பிடுங்கும் சுத்தியலை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். நூறையும் பிரித்தேன்.

கேள்வி: நம்பர் 4 லீ-என்ஃபீல்டு, .303. கூடு சீக்கிரம் பிளக்கிறது. பெரிய நம்பர் போல்ட் தலை மாட்டட்டுமா?

பதில்: 0 முதல் 3 வரை தலைகள் உண்டு, நம்பர் கூடக் கூட நீளம் கூடும். ஆனால் .303-இல் தோட்டாவை நிறுத்துவது அடி விளிம்பு, தோளல்ல. கேஜ் சரியென்றால் தலையைத் தொடாதீர்கள். அந்தத் துப்பாக்கிகளின் சேம்பரில் தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். முழு டையை ஆழமாக இறக்கினால் ஒவ்வொரு சூட்டிலும் தோள் அங்கே ஓடிப்போய் முட்டும். ஒரு முறை சுட்டபின் கழுத்தை மட்டும் இறுக்குங்கள், அல்லது மேலே சொன்ன 1, 2 தவ் கணக்கில் நில்லுங்கள். அதன்பின் விளிம்பின் வேலையைத் தோள் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நோ-கோ கேஜ் வாங்காமல், கோ கேஜின் அடியில் டேப் ஒட்டிப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், நானும் செய்வதுண்டு. டேப்பின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு ஒட்டுங்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. போல்ட்டை அழுத்தி மூடினால் டேப் நசுங்கிப் பொய் சொல்லும், அதனால் இரண்டு விரல் பலம்தான். ஒட்டிய துண்டு சேம்பரிலேயே தங்கிவிடவில்லையே என்று எடுத்தபின் பாருங்கள்.