பேஸ்பால் கேள்வி பதில்: கோஃபாக்ஸ் முதல் இச்சிரோ வரை

வணக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்து பேஸ்பால் பார்த்துவருகிறேன். பிடித்த ஆட்டக்காரர்கள், அவர்கள் எப்படி ஏறினார்கள், எப்படி இறங்கினார்கள் என்பதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த ஆண்டு யார் ஜெயிப்பார்கள் என்ற ஜோசியம் மட்டும் வேண்டாம்.

ஆஸ்டின் வாசகர்: சார், யார் கேட்டாலும் நீங்கள் முதலில் சாண்டி கோஃபாக்ஸ் பெயரைத்தான் சொல்கிறீர்கள். பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, அவர் ஜெயித்தது 165 ஆட்டம். கிரெக் மேடக்ஸ் 355. எந்தக் கணக்கில் கோஃபாக்ஸ் பெரியவர்?

பதில்: மொத்தக் கணக்கில் இல்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒருவர் வந்த வழி தெரியாமலே போய்விடும்.

கோஃபாக்ஸ் 1955இல், 19 வயதில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தார். 4,000 டாலருக்கு மேல் முன்பணம் கொடுத்து எடுத்த இளைஞரை இரண்டு ஆண்டுக்குக் கீழ்நிலை அணிக்கு அனுப்பக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் சின்ன ஊர் அணிகளில் வீசிப் பழக வேண்டிய வயதில் பெரிய அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் ஆறு ஆண்டில் 36 வெற்றி, 40 தோல்வி. வேகம் ஏராளம், பந்து போகும் இடம்தான் கையில் இல்லை. 1961 வசந்தகாலப் பயிற்சியில் கேட்சர் நார்ம் ஷெர்ரி, முழு பலத்தையும் போட்டு வீச வேண்டாம், கொஞ்சம் தளர்த்தி வீசு என்றார். அங்கிருந்துதான் நமக்குத் தெரிந்த கோஃபாக்ஸ் தொடங்குகிறார்.

ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்னை விட்டுவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பது ஈ.ஆர்.ஏ. குறையக் குறைய நல்லது. 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டும் நேஷனல் லீகில் மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. இவருடையது. 1965இல் 382 ஸ்ட்ரைக் அவுட் (மட்டைக்காரரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). அதே செப்டம்பரில் சிகாகோ கப்ஸ் அணியினர் 27 முறை மட்டை பிடிக்க வந்து 27 முறையும் பேஸைத் தொடாமல் அப்படியே திரும்பிய பெர்ஃபெக்ட் கேம்.

அந்த ஆண்டு உலகத் தொடரின் (சீசனின் சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) முதல் ஆட்டம் யோம் கிப்பூர் நாளில் விழுந்தது. யூதரான கோஃபாக்ஸ் ஆடவில்லை. ஏழாவது ஆட்டத்துக்கு இரண்டே நாள் ஓய்வில் வந்து நின்றார். கர்வ் பால், அதாவது வளைந்து இறங்கும் பந்து, சரியாக விழவில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலும் நேர்வேகப் பந்தை மட்டுமே நம்பி, மின்னசோட்டாவை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் 2-0 என்று முடித்தார். ஆட்டத்துக்கு முன் தோலை எரிக்கிற களிம்பு, ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தொட்டியில் முழங்கை, நடுவில் கார்டிசோன் ஊசி. இப்படித்தான் அந்தக் கை ஓடிக்கொண்டிருந்தது. 1966இல் 27 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 1.73. அந்த நவம்பரில், 30 வயதில், மூட்டுவாதம் காரணமாகப் போதும் என்று சொல்லிவிட்டார். ஆட்டத்தின் உச்சியில் நின்றபடியே வெளியே போனவர் என்று எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

நியூஜெர்சி வாசகர்: அண்ணா, என் மகனுக்கு 10 வயது. கர்வ் பால் வீசக் கற்றுக்கொடுக்கலாம் என்கிறார் பயிற்சியாளர். கோஃபாக்ஸ் மாதிரி வருவான் என்கிறார்.

பதில்: வேண்டவே வேண்டாம். கோஃபாக்ஸின் முழங்கை என்ன ஆனது என்று இப்போதுதான் எழுதினேன். பத்து வயதில் நேர்வேகப் பந்து, வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்-அப், இரண்டும் போதும். எம்.எல்.பி.யும் (அமெரிக்காவின் மேஜர் லீக்) யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில், 9-10 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 75 பந்து. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டுக்கு நான்கு மாதமாவது கை வீசாமல் இருக்க வேண்டும். ஒரே நாளில் பிட்சராகவும் கேட்சராகவும் நிறுத்தக் கூடாது. ஒரு நோட்டில் பந்துகளை நீங்களே எண்ணி எழுதுங்கள். வார இறுதியில் இரண்டு அணிக்கு ஆடினால் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு.

சென்னை வாசகர்: கோலி பேஸ்பால் ஆடினால் எத்தனை ஹோம் ரன் அடிப்பார் சார்?

பதில்: வட்ட மட்டை, தட்டை மட்டை இரண்டும் வேறு வேலை. அடுத்த கேள்வி.

டொராண்டோ வாசகர்: ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே பற்றி எழுதுங்கள். சரியாக 3,000 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது) என்கிறார்களே, அதெப்படி?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். போர்ட்டோ ரிக்கோவின் கரோலினா ஊர்க்காரர். 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு வலது அவுட்ஃபீல்டில் நின்றார். சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளோவ் 12, லீகிலேயே உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் நான்கு முறை. 1971 உலகத் தொடரில் சிறந்த ஆட்டக்காரர். அட்டைப்படங்களில் அவர் பெயரை 'பாப்' என்று அமெரிக்கமாக்கிப் போட்டபோதெல்லாம் என் பெயர் ரொபெர்ட்டோ என்று திருத்திக்கொண்டே இருந்தார்.

1972 செப்டம்பர் 29 அன்று அவர் அடித்த ஒரு பந்தை ஃபீல்டரின் பிழை என்று ஸ்கோரர் எழுதிவிட்டார், அதனால் ஹிட் கணக்கில் சேரவில்லை. மறுநாள் நியூயார்க் மெட்ஸின் ஜான் மாட்லாக் வீசிய பந்தில் டபுள். இரண்டாவது பேஸில் வந்து நின்றார். அதுதான் 3,000. மைதானத்தில் இருந்தவர்கள் சுமார் 13,000 பேர்தான். அதன் பிறகு பிளேஆஃப் தவிர, கணக்கில் சேரும் வழக்கமான சீசன் ஆட்டத்தில் அவர் மட்டை பிடிக்கவே இல்லை.

டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் மனாகுவாவை நிலநடுக்கம் தாக்கியது. நிவாரணப் பொருள் திரட்டி அனுப்பினார். அனுப்பியதை அங்கே சர்வாதிகாரி சொமோசாவின் ஆட்கள் மடக்கிக்கொள்கிறார்கள் என்று தகவல் வந்தது. நானே கூடப் போனால் மக்களுக்குப் போய்ச் சேரும் என்று டிசம்பர் 31 இரவு ஒரு பழைய டி.சி.-7 விமானத்தில் ஏறினார். அளவுக்கு மேல் பாரம். சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வயது 38. பேஸ்பாலின் மாபெரும் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தி 1973இலேயே சேர்த்தார்கள். 3,000 என்ற எண்ணைப் பார்க்கும்போது எனக்கு அது முழு எண்ணாகவே தெரிவதில்லை. இன்னும் சில ஆண்டு ஆடியிருப்பார்.

சான் டியேகோ வாசகர்: டோனி க்வின் எங்கள் ஊர்க்காரர். விட்டுவிடாதீர்கள்!

பதில்: விடுவேனா. 20 ஆண்டு ஒரே பட்ரேஸ் அணி, 3,141 ஹிட், சராசரி .338. அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 338 ஹிட். அத்தனை ஆண்டில் ஸ்ட்ரைக் அவுட் ஆனது மொத்தம் 434 முறை. இன்று சிலர் மூன்றே ஆண்டில் அதைத் தொட்டுவிடுகிறார்கள். 1980களின் தொடக்கத்திலேயே வீடியோ ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தன் ஸ்விங்கைத் தானே பார்த்துத் திருத்தியவர். மூன்றாவது பேஸ்காரருக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவில் உள்ள சந்தில் பந்தைத் தட்டிவிடுவதுதான் அவர் வித்தை. 1994இல் .394இல் இருந்தபோது ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் வந்து ஆகஸ்டில் சீசனே நின்றுபோனது. மேடக்ஸ் அவரை ஒரு முறைகூட ஸ்ட்ரைக் அவுட் செய்ததில்லை.

2014இல், 54 வயதில், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் போனார். வாயில் அடக்கும் புகையிலைதான் காரணம் என்று அவரே சொன்னார். இதைப் படிக்கிற யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்தால், ஹான்ஸோ வேறு எதுவோ, இன்றே விடுங்கள்.

சியாட்டில் வாசகர்: இச்சிரோ ஜப்பானில் 1,278 ஹிட், இங்கே அமெரிக்காவில் 3,089. மொத்தம் 4,367. அமெரிக்காவில் அதிக ஹிட் எடுத்த பீட் ரோஸ் 4,256. அப்படியானால் உலகிலேயே அதிக ஹிட் இச்சிரோதானே?

பதில்: கூட்டாதீர்கள். கூட்டினால் ஜப்பான் லீகில் சடஹாரு ஓ அடித்த 868 ஹோம் ரன்னை உலகச் சாதனை என்று ஏற்க வேண்டும், பாரி பாண்ட்ஸின் 762 அதற்குக் கீழே போகும். அதற்குத் தயார் என்றால் சரி. ஆனால் ஜப்பான் ஆண்டுகளை வெறும் பயிற்சி என்று தள்ளுவதும் தப்பு. ஓரிக்ஸ் அணியில் அவர் ஸ்விங் பிடிக்காமல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் கீழ் அணியில் வைத்திருந்தார்கள். 1994இல் புது மேனேஜர் ஓகி அகிரா வந்து முழுநேர இடம் கொடுத்தார். 130 ஆட்டத்தில் 210 ஹிட். 27 வயதில் அமெரிக்கா வந்து முதல் ஆண்டிலேயே 242 ஹிட்டும் எம்.வி.பி. (ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதும். 2004இல் 262. ஒரே ஆண்டில் அதிக ஹிட் என்று ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் வைத்த 257, 84 ஆண்டு கழித்து அன்றுதான் விழுந்தது. எனக்கு அந்த 262 போதும், 4,367 தேவையே இல்லை.

சின்சினாட்டி வாசகர்: மன்னிக்கவும் சார், ரோஸை ஓரமாகத் தள்ளுகிறீர்கள். ஆட்டத்துக்கு எத்தனை ஹிட் என்று பாருங்கள். ரோஸ் 1.19, இச்சிரோ 1.16.

பதில்: கணக்கு சரி. ஆனால் இச்சிரோவின் எண்ணில், பெஞ்சிலிருந்து ஒரு முறை மட்டும் மட்டை பிடிக்க வந்த கடைசி ஆண்டுகளும் கலந்திருக்கின்றன. 2001 முதல் 2010 வரை பாருங்கள்: 1,588 ஆட்டத்தில் 2,244 ஹிட், ஆட்டத்துக்கு 1.41.

சின்சினாட்டி வாசகர்: ரோஸின் எண்ணிலும் கடைசி ஆண்டுகள் இருக்கின்றனவே. 200 ஹிட் எடுத்த ஆண்டுகள் இருவருக்கும் பத்துப் பத்து.

பதில்: அதை ஒப்புக்கொள்கிறேன். பத்துக்குப் பத்துதான், இச்சிரோவுடையது தொடர்ச்சியாக என்பது மட்டும் வித்தியாசம். என் குறை வேறு. 1983இல் ஃபிலடெல்ஃபியாவில் ரோஸின் சராசரி .245, ஒரு ஹோம் ரன்கூட இல்லை. 1984இல் சின்சினாட்டிக்குத் திரும்பியபோது மேனேஜரும் அவரே, ஆட்டக்காரரும் அவரே. வரிசையில் தன் பெயரைத் தானே எழுதினார். 1985 செப்டம்பர் 11 அன்று, அதுவரை அதிக ஹிட் எடுத்திருந்த டை காப்பைத் தாண்டினார். 1986இல் .219.

சியாட்டில் வாசகர்: அப்படிச் சொல்லுங்கள் சார்!

சின்சினாட்டி வாசகர்: இச்சிரோ மட்டும் 45 வயது வரை ஒட்டிக்கொண்டிருக்கவில்லையா?

பதில்: இருந்தார். ஆனால் மயாமியில் நான்காவது அவுட்ஃபீல்டர் என்ற இடத்தை ஏற்று இருந்தார். யாருடைய இடத்தையும் அவர் எழுதி எடுத்துக்கொள்ளவில்லை. சியாட்டில்காரரே, நீங்களும் ரொம்பக் குதிக்க வேண்டாம். கீழ்நிலை லீகில் ரோஸ் எடுத்த 400க்கும் மேற்பட்ட ஹிட்டை யாரும் சேர்ப்பதில்லை. அதையும் கூட்டினால் ரோஸ்தான் மேலே.

ஹூஸ்டன் வாசகர்: இந்தச் சண்டைக்கு நடுவில் ஒன்று: நம் ஆட்கள் யாராவது ஆடியிருக்கிறார்களா?

பதில்: டெக்சஸ் ரேஞ்சர்ஸின் குமார் ராக்கர், 2024இல் அறிமுகம், தாய்வழி இந்திய வம்சம். கல்லூரி நாளில், 2019இல், டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு ஒரு ஹிட்கூடத் தராமல் வீசினார்.

டல்லஸ் வாசகர்: என் பெண்ணுக்கு 9 வயது, பையன்களோடு ஆடுகிறாள், பிட்சர். எத்தனை பந்து வீசலாம்?

பதில்: மேலே நியூஜெர்சிக்காரருக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். 75தான் உச்சம். கை வலிக்கிறது என்று சொன்னால் அந்த நிமிடமே நிறுத்துங்கள், "இன்னும் ஒரு இன்னிங்ஸ்" கிடையாது.

சிங்கப்பூர் வாசகர்: பிராட்மன் சராசரி 99.94, பேஸ்பாலில் .300 என்றால் எது பெரிது?

பதில்: கிரிக்கெட் கேள்விக்கு இனிப் பதில் சொல்லப்போவதில்லை.

பெர்த் வாசகர்: கோஃபாக்ஸுக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்திருக்கலாமே?

பதில்: அது 1974இல்தான் முதன்முதலில், டாமி ஜான் என்ற பிட்சருக்கு நடந்தது. அதுவும் முழங்கையில் கிழிந்த தசைநாருக்கு, மூட்டுவாதத்துக்கு அல்ல. செய்தவர் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸின் மருத்துவர். அறுவைக்குப் பிறகு டாமி ஜான் ஜெயித்தது 164 ஆட்டம், கோஃபாக்ஸின் மொத்த வெற்றியைவிட ஒன்றே ஒன்று குறைவு. இதைப் படித்துவிட்டு, அறுவைதான் இருக்கிறதே என்று பிள்ளைகளின் கையைப் பாழாக்காதீர்கள்.

சின்சினாட்டி வாசகர்: கடைசியாக ஒன்று. 1978இல் ரோஸ் தொடர்ந்து 44 ஆட்டத்தில் ஹிட் எடுத்தார். உங்கள் இச்சிரோ?

பதில்: 2009இல் 27. அதுதான் அவருடைய அதிகபட்சம். இந்த ஒன்றில் ரோஸ் வெகுதூரம் முன்னே, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் 44 என்று வந்துவிட்டால் 1941இல் டிமாஜியோவின் 56 இருக்கிறது. அதை அடுத்த முறை முதல் கேள்வியாகக் கேளுங்கள், நிறையச் சொல்ல வேண்டும்.