தாடை எலும்பு ஆபரேஷனுக்கு 'பல் சிகிச்சை' என்று கிளைம் மறுத்தால்?

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் தம்பியின் பைக் சறுக்கி, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது; ஒரு பக்க மூட்டும் விலகியிருக்கிறது. தனியார் மருத்துவமனையில் 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்கள் 5 லட்சம் குடும்ப பாலிசியில் கேஷ்லெஸ் (நாங்கள் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டுவது) கேட்டால், 'பல் சிகிச்சைக்குக் கிடையாது' என்று பதில் வந்தது. நகையை அடகு வைக்கவா? - வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இன்றைக்கு வேண்டாம். முதலில் மருத்துவமனை அனுப்பிய படிவத்தை வாங்கிப் பாருங்கள். முகத்தாடை அறுவை நிபுணர்கள் பல் மருத்துவம் படித்து வந்தவர்கள். துறை என்ற கட்டத்தில் 'டென்டல்' என்று எழுதியிருந்தால் சிக்கல் அங்கேதான். பல் சிகிச்சையை விலக்கும் பாலிசிகளிலும், விபத்துக் காயத்துக்காக உள்நோயாளியாகச் சேர்ந்தால் பொதுவாக விதிவிலக்கு உண்டு. அந்த வரியைக் கோடிட்டு, டாக்டரிடம் புதுக் கடிதம் வாங்குங்கள்: 'வாகன விபத்தில் கீழ்த்தாடை எலும்பு முறிவு, முழு மயக்கத்தில் எலும்பைச் சேர்த்து டைட்டானியம் பிளேட், ஸ்க்ரூ பொருத்துதல்.' சி.டி. ஸ்கேனும் ஏ.ஆர். காப்பியும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) சேர்த்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது அறை வாடகை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாலிசியில் நாளுக்கு 3,000 வரம்பு இருந்து 6,000 ரூபாய் அறை எடுத்தால், டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாமே பாதியாக வெட்டப்படலாம். பிளேட்டுக்கும் மருந்துக்கும் இந்த வெட்டு கூடாது, வெட்டினால் கேளுங்கள்.

கேஷ்லெஸ் மறுப்பு, கிளைம் மறுப்பு ஆகாது. கட்டிவிட்டு, பில்களோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குக் கைமாற்று வேண்டிவந்தால் மட்டும், குறையும் தொகை அளவுக்கு நகையைத் தொடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் விசாரியுங்கள். ஆனால் பணத்துக்காக நீங்களாக நாளைத் தள்ளாதீர்கள். விலகிய மூட்டு காத்திருக்காது. எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பைக் பாலிசியில் உள்ள 15 லட்சம் விபத்துக் காப்பீடு உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வராது.

மேல்பல், கீழ்பல் சேர்த்துக் கம்பி கட்டினால் 4 முதல் 6 வாரம் கஞ்சியும் ஜூஸும்தான். கம்பி எடுக்கும் பில்லை டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவில் கேளுங்கள். பல பாலிசிகளில் 60 நாள் உண்டு. உடைந்த பல்லுக்குப் பின்னால் செயற்கைப் பல் வைப்பதைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். அதற்குத் தனியாக ஒதுக்குங்கள்.

திரும்பவும் மறுத்தால் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தியில்லை என்றாலும் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.