கோபால்ட் குளோரைடு தண்ணீரில் ரோஸ், அசிட்டோனில் நீலம்: அயனி ஒன்றுதானே, நிறம் ஏன் மாறுகிறது?

அயனி ஒன்றுதான், சரி. ஆனால் கரைசலில் அது தனியாக இருப்பதே இல்லை.

தனியாக இருக்கும் அயனியைப் பார்க்க எங்கள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குத்தான் வர வேண்டும். 1904 முதல் அங்கே கால்சியம் அயனியின் 393.4 நானோமீட்டர் அலைநீளக் கோட்டில் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். சூரிய வளிமண்டலத்தில் கரைப்பான் ஏது? அதனால் அது கோடு. கரைசலில் நமக்குக் கிடைப்பது அகலமான பட்டை.

தண்ணீரில் கோபால்ட்டைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள், எண்முகி வடிவில். 510 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை லேசாக உறிஞ்சும், மிச்சம் ரோஸாகத் தெரியும். அசிட்டோனின் மின்காப்பு மாறிலி சுமார் 21, தண்ணீருக்கு 78. எதிரெதிர் மின்சுமைகளைப் பிரித்து வைக்கும் தெம்பு அசிட்டோனுக்குக் குறைவு. குளோரைடு நேராகப் போய் கோபால்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு குளோரைடு சூழ்ந்த நான்முகி அணைவு (உலோக அயனியோடு மற்றவை பிணைந்த தொகுதி) 600-700 நானோமீட்டரில், அதாவது சிவப்புப் பக்கம் உறிஞ்சும். எண்முகியில் உள்ள சமச்சீர் மையம் நான்முகியில் இல்லாததால் உறிஞ்சுதல் கிட்டத்தட்ட நூறு மடங்கு வலு. கொஞ்சம் நான்முகி இருந்தாலே கரைசல் நீலமடித்துவிடும்.

ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் காட்டுவது இது: ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து ஊதாவில் நிறுத்திய கரைசல், வத்தலக்குண்டு வெயிலில் நீலத்துக்குச் சாயும். டிசம்பர் காலையில் மலைமேல் ரோஸுக்குத் திரும்பும். குளிரில் தண்ணீரின் பிடி ஓங்கும், குளோரைடு விலகும்.

இது அணைவு, குளோரைடு கோபால்ட்டோடு பிணைந்தே விடுகிறது. வெறும் மின்கவர்ச்சியில் பக்கத்தில் நிற்கும் அயனி இணைக்கும் இதே குணம் உண்டு. 1960களில் ஹோகன்-எஷ், ஸ்மிட் என்ற வேதியியலாளர்கள் இருவரும் டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் ஃப்ளூரினைல் சோடியம் என்ற உப்பைப் பார்த்தார்கள். அறை வெப்பநிலையில் உறிஞ்சுதல் 356 நானோமீட்டரில், மைனஸ் 50 டிகிரி வரை குளிர்வித்தால் 373க்கு நகர்கிறது. சோடியம் ஒட்டி நிற்கும்போது ஃப்ளூரினைல் எதிரயனியின் தாழ்ந்த ஆற்றல் நிலையை இன்னும் கீழே இழுக்கிறது. எலக்ட்ரானை மேலே தூக்க ஆற்றல் கூடுதலாக வேண்டும், அலைநீளம் குறையும். குளிரில் கரைப்பான் மூலக்கூறுகள் இரண்டுக்கும் நடுவே புகுந்துகொள்கின்றன. கோபால்ட்டிலும் குளிரில் கரைப்பானின் கைதான் ஓங்கியது என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம், உங்கள் கரைசலில் எது நடக்கிறது என்று எப்படிப் பிரிப்பது? நீர்க்க வைத்துப் பாருங்கள். இணை உடைந்து தனி அயனிகள் ஆகிறது என்றால் நிறமாலையின் வடிவம் செறிவோடு மாறும். ஒட்டிய இணை, இடைவெளி விட்ட இணையாக மட்டுமே மாறுகிறது என்றால் நீர்க்க வைத்தாலும் விகிதம் அசையாது, வெப்பநிலையை மாற்றினால்தான் அசையும்.